தவிட்டுக்கு வாங்கிய பேர்

ஊஞ்சப்பாளையம் பேருந்து நிலையத்தை ஒட்டி டூவீலர் ஸ்டாண்டு நடத்திவந்த நாச்சாத்தாளின் மொபெட் களவுபோய், ஊரே வந்து துக்கம் விசாரித்து முடித்து, அவளும் வாய் ஓயத் திருடனைத் திட்டி முடித்து, இனி நடந்தே வேலைக்கு வருவதென்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமைக் காலையில், அந்த மொபெட் ஆளில்லாமல் தானாகவே கடைவீதி வழியாக வந்தது. வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கியது, எதிரே வந்த டவுன் பஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிட்டது, திருப்பத்தில் ஒழுங்காக இண்டிகேட்டர் போட்டது, ஸ்டாண்டுக்குள் நுழைந்து வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டது. டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். "டேங்குல எண்ணெய் இருக்குதான்னு பாருங்கக்கா, எவ்வளவு தூரத்துல இருந்து வருதோ பாவம்" என்றார் டீ மாஸ்டர். அதற்குமேல் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அன்றைக்கு ஊரில் வெங்காய விலைதான் பெரிய பேச்சு.

காரணம் என்று பார்த்தால், வில்லைதான் காரணம். பேருந்து நிலையத்துக்கு எதிரில் செல்போன் கடை வைத்திருந்த சிக்கந்தர் பாய் அதை விற்றுக்கொண்டிருந்தார். வெள்ளையாக, சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். வண்டியிலோ பையிலோ மறைத்துவைத்தால், பொருள் எங்கே இருக்கிறது என்று போனில் காட்டும் என்பார்கள். ஊஞ்சப்பாளையத்து டவரோ மேகம் திரண்டால் படுத்துவிடும் டவர், ஆகையால் வீட்டு வாசலில் நிற்கிற வண்டியை அது ஏரிக்கு நடுவில் காட்டும், இல்லாவிட்டால் கேரளாவில் காட்டும். களவுக்கு முன்பே தன் மொபெட்டுக்கு ஒன்று வாங்கியிருந்த நாச்சாத்தாளுக்கு எரிச்சல் வந்துவிட்டது. பிறந்த பிள்ளைக்கு அத்தைக்காரி பேர் வைப்பதுபோல, ஒரு வெற்றிலையை மடித்து வில்லையின்மேல் வைத்து, யாருக்கும் கேட்காமல் அதனிடம் மூன்று முறை ஓதினாள்: "நீ நாச்சாத்தா வண்டி. எங்க போனாலும் எங்கிட்டயே வந்தரோணும்." பாய் சிரித்தார். மொபெட் திரும்பி வந்த அன்று சிரிப்பை நிறுத்திவிட்டு, கடை வாசலில் வில்லையோடு வெற்றிலையையும் சேர்த்து விற்க ஆரம்பித்தார்.

அதன்பிறகு ஊர் அதைப் பழகிக்கொண்ட விதம்தான் பார்க்க வேண்டிய விஷயம். பேர் ஓதியவர் மனதில் நினைத்துக் கூப்பிட்டால் பொருள் கிளம்பிவிடும். களவுபோன சைக்கிள்கள் வந்தன, கல்யாண மண்டபத்தில் மாற்றிப் போட்டுக்கொண்டு போன செருப்புகள் வந்தன, இரவல் வாங்கிப்போய்த் தரவே தராத குக்கர் ஒன்று அடுப்பிலிருந்தபடியே பருப்போடு இறங்கி விசில் அடித்துக்கொண்டே தெருவைக் கடந்து உரியவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது, அந்தப் பருப்பு யாருக்குச் சொந்தம் என்று இரண்டு வீட்டுக்காரிகளும் ஒரு வாரம் சண்டை போட்டார்கள். ராக்கியப்பனின் கிணற்று மோட்டார் நான்கு ஊருக்கு அப்பாலிருந்து தோட்டம் தோட்டமாக உருண்டு வந்தது. வண்டித் திருடர்கள் வண்டியில் உட்கார்ந்தபடியே ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து இறக்கப்பட்டார்கள். ஓசையில்லாமல் திரும்பி ஓடுகிற வண்டியிலிருந்து குதிக்கவும் தைரியமில்லாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு விழித்தபடி வந்த அவர்களுக்கு நாச்சாத்தாள் தன் கையாலேயே டீ வாங்கிக்கொடுத்து, பிறகுதான் போலீசுக்குச் சொன்னாள். ஆளில்லாமல் வருகிற வண்டிக்கு ஹெல்மெட் இல்லையென்று யார்மேல் கேஸ் போடுவது என்பதுதான் போலீசாருக்கு இருந்த ஒரே சிக்கல்.

ஊஞ்சப்பாளையத்துக்காரர்களுக்குப் பெருமைப்பட ஏதாவது கிடைத்தால் விடமாட்டார்கள். புது டிரான்ஸ்பார்மர் வந்ததற்கே மேளம் வைத்த ஊர் அது. கண்டக்டர்கள் "வண்டி திரும்பி வர்ற ஊரெல்லாம் எறங்குங்க" என்று கூவும்போது, இறங்க வேண்டியவர்கள் ஒரு நிமிடம் தாமதித்து, பஸ்ஸில் இருக்கிற மற்றவர்களைப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்கள். நாச்சாத்தாளுக்கு எல்லோரையும்விடப் பெருமை அதிகம். அந்த வட்டாரத்திலேயே ஒரு வண்டியும் தொலையாத ஸ்டாண்டு அவளுடையது. பக்கத்து டவுனில் வேலைக்குப் போகிறவர்கள்கூடச் சுற்றி வந்து அவளிடம் வண்டியை விட்டுவிட்டுப் போனார்கள்.

அப்படித் தினமும் ஸ்கூட்டரை விடுகிறவர்களில் ஒருத்தி பூர்ணிமா. பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிற வேலை. கீழ்வீதி நவநீதனைக் கட்டிக்கொண்டு மூன்று வருடம் அவனிடம் அடி வாங்கி, ஒரு காது கேட்காமல் போனபிறகு, ஸ்கூட்டரையும் ஒரு டிரங்குப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டவள். அதிகம் பேசமாட்டாள். டோக்கனை வாங்கும்போது மட்டும் கேட்கிற காதை நாச்சாத்தாள் பக்கம் திருப்பி, "வர்றனுங்க்கா" என்பாள்.

ஒரு நாள் மாலை பஸ்ஸிலிருந்து இறங்கிய பூர்ணிமா ஸ்கூட்டரை எடுக்காமல் நேராகக் கீழ்வீதியைப் பார்த்து நடந்தாள். நடந்தாள் என்பதைவிட, அவள் கால் நடந்தது, அவள் அழுதுகொண்டே கூடப் போனாள். "நாச்சாக்கா, என்ற காலு எம்பேச்சக் கேக்கமாட்டேங்குது" என்று திரும்பிப் பார்த்துக் கத்தினாள். நவநீதன் தன் வீட்டு வாசலில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் மாதிரி நின்றான். பூர்ணிமா எதிரிலிருந்த விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அண்ணன் வந்து, தூக்கித் தோளில் போட்டுக்கொண்டுதான் அவளை வீட்டுக்குக் கொண்டுபோக முடிந்தது. மறுநாளும் அப்படியே நடந்தது, அதற்கடுத்த நாளும்.

வேறு ஊராக இருந்திருந்தால் பேய் பிடித்துவிட்டது என்று சொல்லியிருப்பார்கள், டாக்டரிடம் கூட்டிப்போயிருப்பார்கள். ஊஞ்சப்பாளையத்தில் அப்படி யாரும் நினைக்கவில்லை. இந்த ஊரில் எந்தப் பொருளும் தவறான வாசலுக்குப் போனதில்லை. வண்டி உடையவனிடம்தான் வரும், குக்கர் உடையவளிடம்தான் வரும், அப்படியிருக்க இவள் கால் அவன் வாசலுக்குப் போகிறதென்றால் உடையவன் அவன்தானே என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். பெரிய கண்டுபிடிப்பு செய்தவர்கள் மாதிரி தலையாட்டிக்கொண்டார்கள். பூர்ணிமாவின் சொந்தக்காரர்கள் கூடிப் பேசி, வருகிற முகூர்த்தத்தன்று பழத்தட்டோடு கொண்டுபோய் அவளை அவன் வீட்டிலேயே விட்டுவிடுவதென்று முடிவு செய்தார்கள். நாச்சாத்தாளும் சும்மா இருக்கவில்லை. டோக்கன் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தி, "மனசுல ஆசையிருந்தாச் சொல்லிப்போடு அம்மணி, அதுலென்ன வெக்கம்" என்றாள். பூர்ணிமா டோக்கனை வாங்கிக்கொண்டு, அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். அன்று முழுக்க நாச்சாத்தாளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தப் பார்வை அவளை விடவில்லை. மறுநாள் மாலை வேலையைப் போட்டுவிட்டு பஸ் வருகிற இடத்திலேயே போய் நின்றாள். கூப்பிடப்பட்ட வண்டி எப்படிக் கிளம்பும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். வில்லை எங்கே ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறதோ அந்த இடம்தான் முதலில் அசையும், சீட்டுக்கு அடியில் இருந்தால் சீட்டு, முன்விளக்கில் இருந்தால் முன்விளக்கு, மீதி வண்டி அதன் பின்னால் போகும். பூர்ணிமா பஸ்ஸின் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்காமல் நின்றாள். கண்டக்டர் திட்டியதும் கையை விட்டாள். விட்டவுடன் முதலில் நகர்ந்தது அவள் கால் இல்லை. தோளிலிருந்த கைப்பை முன்னே நீண்டது, கயிற்றைப் பிடித்து இழுத்தால் கன்றுக்குட்டி போவதுபோல அவள் அதன் பின்னால் போனாள்.

நாச்சாத்தாள் ஓடிப்போய்ப் பையைப் பிடுங்கி, டோக்கன் கயிறு அறுக்கிற கத்தியால் உள்துணியைக் கிழித்தாள். வில்லை கீழே விழுந்தது. பூர்ணிமாவின் கால் நின்றுவிட்டது. அவள் நடுரோட்டிலேயே உட்கார்ந்து, தன் இரண்டு பாதங்களையும் கையால் பிடித்துக்கொண்டாள். நாச்சாத்தாளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. "அன்னிக்கு நான் சொன்னது பெரிய தப்பு அம்மணி. என்ற நாக்குல சூடு வெக்கோணும்" என்றாள். பூர்ணிமா, "எல்லாரும்தான் சொன்னாங்கக்கா" என்றாள். அது ஆறுதலாக இல்லை.

பிரச்சினை அதோடு தீர்ந்தபாடில்லை. மறுநாள் பை இல்லாமல் வந்தாள், செருப்பு இழுத்தது, அதன் குதியைப் பிளந்தால் உள்ளே ஒரு வில்லை. வெறுங்காலோடு ஸ்கூட்டரில் ஏறினாள், ஸ்கூட்டர் அவளோடு கீழ்வீதிக்குத் திரும்பியது. சாப்பாட்டு டப்பா, குடை, தலையில் குத்துகிற கிளிப் என்று எதைத் தொட்டாலும் பயமாக இருந்தது. அவளுடைய பொருள் எல்லாமே அவன் வீட்டில் மூன்று வருடம் இருந்த பொருள்தானே. சிக்கந்தர் பாய் தலையில் கைவைத்துக்கொண்டார். "இந்தப் புள்ள அங்க இருக்கறப்பவே, ஆட்டுக்குன்னு சொல்லித்தான் சரம் சரமா வாங்கீட்டுப் போனானுங்க்கா. ஒரு ஆடுகூட அவங்கிட்ட இல்லைன்னு எனக்கு அப்பத் தோணலியே."

நவநீதன் ஒளியவும் இல்லை, மறைக்கவும் இல்லை. டீக்கடை பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னான். "வண்டிக்கு வெக்கறீங்க, மோட்டாருக்கு வெக்கறீங்க, காணாமப் போயிரக்கூடாதுன்னுதானே? நானும் அதுக்குத்தான் வெச்சேன். என்ற பொண்டாட்டி பத்திரமா இருக்கோணும்னு நெனைக்கிறது குத்தமா?" அவன் முகத்தில் கொஞ்சமும் கூச்சமில்லை. பெஞ்சிலிருந்த பாதிப் பேர் அவன் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது என்பதுபோல டீயை ஊதிக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையன்று அவள் ஸ்டாண்டிலேயே ஊரைக் கூட்டினாள். வண்டிகளுக்கு நடுவே, சீட்டுகளின்மேலும் கேரியர்களின்மேலும் ஏறி உட்கார்ந்துகொண்டு ஊர் பேசியது. எல்லா வில்லையையும் உப்புத் தண்ணீரில் போட்டுக் கொன்றுவிடலாம் என்றார்கள் சிலர். ராக்கியப்பன் எழுந்துவிட்டான். "என்ற மோட்டாரு மறுபடி போச்சுன்னா தென்னை காஞ்சுபோகும், அப்புறம் நாங்க என்னத்தத் திங்கறது? ஒருத்தன் பண்ணுன கேட்டுக்கு ஊரே வாயில மண்ணு போட்டுக்கோணுமா?" அவன் சொன்னது பொய்யில்லை.

"இழுக்கறதுக்கு முன்னால வில்லை வாய் தொறந்து, யாரு இழுக்கறாங்கன்னு சத்தமாப் பேரச் சொன்னாப் போதுமே" என்றாள் ஒருத்தி.

"சொன்னா திருடனுக்கும் கேக்குமே! கேட்டதும் பிச்சு வீசிட்டு வண்டியக் கொண்டுபோயிருவான்" என்றான் ராக்கியப்பன்.

"திருடனுக்குச் சொல்லாம, பொண்ணுங்களுக்கு மட்டும் சொல்லச் சொல்றது" என்றாள் அவளே.

பாய் தலையை ஆட்டினார். "அதுக்குக் கண்ணா இருக்குதுங்க? தூக்கீட்டுப் போறது திருடன் கையா, சொந்தக்காரி கையான்னு அதுக்கெப்புடித் தெரியும்? ஆளு கூட இருக்கறது மட்டுந்தான் தெரியும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, நடுவழியாக ஒன்று சொன்னார். "ஒரு நாள் பொறுத்துக் கத்தட்டும். அதுக்குள்ள திருடன் மாட்டிக்குவான், பொண்ணுக்கும் விசயம் தெரிஞ்சுபோகும்." நல்ல யோசனை என்று கூட்டம் கலகலத்தது. எல்லோருக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம்.

பூர்ணிமா அதுவரை வேப்பமரத்தில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். "பாய், இங்கிருந்து அவங்க வீட்டுக்கு நடந்தா எவ்வளவு நேரம்?" என்று கேட்டாள்.

"அஞ்சு நிமிசம்" என்றார் பாய்.

"ஒரு நாள் கழிச்சு அது கத்தறப்ப நான் எந்த ரூமுல இருப்பேன்? கதவு எந்தப் பக்கம் தாழ் போட்டிருக்கும்?" என்றாள். "உடனே சொல்லோணும். சத்தமாச் சொல்லோணும். எனக்கு ஒரு காது கேக்காது."

அந்தக் காது ஏன் கேட்காது என்று அங்கே இருந்தவர்களில் தெரியாதவர்கள் இல்லை. நாச்சாத்தாள் எழுந்து, முந்தானையை இடுப்பில் செருகினாள். "திருடனுக்குக் கேட்டாக் கேட்டுட்டுப் போகுது. வண்டி போனா என்ற ஸ்டாண்டுலதான் போகும், என்ற பேர்தான் கெடும். நான் ஒப்புக்கறேன்" என்றாள். அவள் உயிராக நினைத்த பேர் அது.

ஆனால் ஒருமுறை காதில் ஓதிய பேரை எப்படி மாற்றுவது? அதற்கு வழி சொன்னவன் ராக்கியப்பன்தான், அதுவும் மனசே இல்லாமல், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "பேர் மாத்தறதுன்னா தவிட்டுக்குத்தான் வாங்கோணும். என்னைய அப்புடித்தான் வாங்குனாங்க." பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் பிறந்தவன் அவன், அதனால் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டு, ஒரு முறம் தவிடு அளந்து அவளிடமிருந்து திரும்ப வாங்கி, வேறு பேர் வைத்தார்கள். விற்றபிறகு பழைய பேருக்கு அந்தப் பிள்ளைமேல் பாத்தியதை இல்லை. இதுகூடத் தோன்றாமல் போயிற்றே என்று கூட்டத்தில் எல்லோரும் தங்களைத் திட்டிக்கொண்டார்கள்.

ரைஸ்மில்லிலிருந்து மூட்டை மூட்டையாகத் தவிடு வந்தது. நாச்சாத்தாள் தன் மொபெட்டின் வில்லையைக் கழற்றிப் பாயின் கையில் கொடுத்தாள், "இனி இது உங்களுது" என்றாள். முறத்தில் தவிட்டை அள்ளி அவரிடம் கொடுத்துத் திரும்ப வாங்கினாள். இந்த முறை வெற்றிலை இல்லை, மடிப்பு இல்லை, குசுகுசுப்பு இல்லை. சந்தை முழுக்கக் கேட்கும்படி கத்திச் சொன்னாள்: "நீ நாச்சாத்தா வில்லை! ஆளு கூட இருந்தா, இழுக்கறதுக்கு முன்னால வாய் விட்டு என்ற பேரச் சொல்லோணும்!" அவள் சொன்னபிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். வந்தவர்கள் ஊரில் பாதிதான். ராக்கியப்பன் வரப்பைவிட்டு இறங்காத மாடுபோல ஓரமாக நின்றுகொண்டான். அவனைப் பார்த்துக்கொண்டு அவன் பின்னால் நின்றவர்களும் நகரவில்லை. நவநீதனும் அங்கேதான் நின்றான். வரிசையில் நிற்பவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அப்போது பூர்ணிமா வந்தாள். ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு, பெட்டி, பை, செருப்பு, குடை எல்லாவற்றையும் அதன்மேல் அடுக்கிக்கொண்டு வந்து தவிட்டுக் குவியலுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். ஒவ்வொன்றாக விற்பாள் என்று நாச்சாத்தாள் முறத்தோடு காத்திருந்தாள். "எதுல எதுல இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க்கா. அதனால நானே வந்துட்டேன்" என்று சொல்லி, பூர்ணிமா தன் வலது கையை நாச்சாத்தாளின் கைக்குள் வைத்தாள். "என்னைய உங்களுக்குக் குடுத்துட்டேன்."

பிள்ளையை விற்றுப் பார்த்த ஊர்தான். வளர்ந்த பெண் தன்னைத் தானே விற்று யாரும் பார்த்ததில்லை. நாச்சாத்தாள் பிடியை விடவில்லை. திரும்ப வாங்குகிறவன் அண்ணன்தானே என்று அவள் அண்ணன் முன்னால் வந்து தவிட்டில் கைவைத்தான். "நீ இருண்ணா" என்றாள் பூர்ணிமா. குனிந்து, தானே இரண்டு கையும் கொள்ளத் தவிட்டை அள்ளி நாச்சாத்தாளின் முறத்தில் போட்டாள். நிமிர்ந்து, கேட்காத காதுக்கும் கேட்கிற மாதிரி அடிவயிற்றிலிருந்து கத்தினாள்:

"எம்பேரு பூர்ணிமா! நான் என்னுது! என்னைய எவன் இழுத்தாலும் அவன் பேரச் சொல்லு!"

ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலிருந்து, மெல்லிய, ஆனால் தெளிவான குரலில் "நவநீதன்" என்று கேட்டது. செருப்பிலிருந்து "நவநீதன்" என்றது. குடைக் காம்பிலிருந்து, டப்பா மூடியிலிருந்து, டிரங்குப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த கூறைப்புடவையின் ஓரத்திலிருந்து, இடுப்புக் கொசுவத்து ஊக்கிலிருந்து, ஒன்றன்பின் ஒன்றாக, பிறகு எல்லாமும் சேர்ந்து, கோயில் மணிகளை ஒரே நேரத்தில் ஆட்டிவிட்டதுபோல அவன் பேரையே சொல்லின. ஒரு பெண்மேல் இத்தனை வில்லையா என்று ஊர் விரல்விட்டு எண்ணியது. எல்லாம் அடங்கியபிறகு கடைசியாக ஒரு குரல் அவள் கழுத்திலிருந்து வந்தது. தாலிக்கொடியைப் புதிதாகக் கோத்துப் போட்டபோது அவன் வைத்தது அது. பூர்ணிமா கொடியைக் கழற்றி முறத்தில், தவிட்டின்மேல் வைத்தாள்.

நவநீதனை யாரும் அடிக்கவில்லை, திட்டவுமில்லை. எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அன்று டீக்கடையில் டீயை ஊதிக்கொண்டே அவன் பேச்சுக்குத் தலையாட்டியவர்களும் பார்த்தார்கள். எந்த வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றானோ அந்த வாசலுக்குக் குறுக்குச் சந்து வழியாகப் போனான். போன வேகத்தில் ஒரு செருப்பை விட்டுவிட்டுப் போனான், அது அவன் பின்னால் போகவில்லை.

முதலில் அசைந்தவன் ராக்கியப்பன். நேராக வந்து, மடியிலிருந்த மோட்டார் வில்லையை எடுத்து நாச்சாத்தாளிடம் கொடுத்தான். "தென்னை காஞ்சாக் காயுது போக்கா" என்றான், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. தவிட்டை அளந்து, தன் பேரைச் சொல்லித் திரும்ப வாங்கினான். அவனுக்குப் பின்னால் மீதி ஊரும் வந்தது. பொழுது சாய்வதற்குள் மூட்டைத் தவிடும் தீர்ந்துபோய், கடைசியில் வந்தவர்கள் மாட்டுக்கு வாங்கி வைத்திருந்ததைக் கொண்டுவந்து அளந்தார்கள். தவிட்டுக்கு வராத பழைய வில்லைகளை, பூர்ணிமாவின் பொருள்களிலிருந்து கழற்றியவற்றை எல்லாம், பாய் உப்புத் தொட்டியில் போட்டார்.

அதற்குப்பிறகு ஊஞ்சப்பாளையம் கொஞ்சநாள் காது கொடுத்துக் கேட்க முடியாத ஊராகத்தான் இருந்தது. காலேஜுக்குப் போகிற மகன் பைக்குள் வில்லை வைத்திருந்த தாய், பஸ்ஸில் எல்லோர் முன்னிலும் பேர் சொல்லப்பட்டாள். மருமகளின் பர்ஸிலிருந்து மாமியார் பேர் வந்தது. இரவல் குடைகள் விரித்த கையிலேயே கூவி மானத்தை வாங்கின. நான்கு பேர் பாயிடம் சண்டைக்குப் போனார்கள், பாய் வில்லையை விற்கும்போதே கடை வாசலில் நின்று சத்தமாகப் பேர் சொல்லாதவர்களுக்குக் கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார். நாச்சாத்தாள் பயந்ததும் நடந்தது. பாங்கில் வேலை பார்க்கிற ஒருவரின் புது பைக் ஸ்டாண்டிலிருந்து களவுபோனது. வில்லை சொந்தக்காரர் பேரைச் சொன்ன உடனே திருடன் அதைப் பிடுங்கி ஏரியில் வீசிவிட்டு ஓட்டிக்கொண்டு போய்விட்டான். நாச்சாத்தாள் அந்த வீட்டுக்கே போய், கதவுக்கு வெளியே நின்று, "என்ற பொறுப்புல இருந்த வண்டி போச்சுங்க" என்று தலைகுனிந்து சொல்லிவிட்டு வந்தாள். அன்று அழுதாள், மறைத்து அழவில்லை. ராக்கியப்பனும் தோட்டத்துக்காரர்களும் முறை வைத்து மோட்டார்களுக்குக் காவல் இருந்தார்கள், கொட்டாவி விட்டுக்கொண்டு ஊரைத் திட்டிக்கொண்டு இருந்தார்கள், ஆனால் ஒருவரும் பழைய வில்லை வேண்டும் என்று கேட்கவில்லை.

கண்டக்டர்களும் பழையபடி கூவுவதில்லை. ஒருநாள் மாலை, பக்கத்து டவுனில் ஸ்டாண்டு நடத்துகிற ஆள் ஒருவர், அவள் பேரைக் கேட்டுப் பல வருடம் வயிறெரிந்தவர், பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து சிரித்துக்கொண்டே கேட்டார். "என்னுங்க நாச்சாத்தா, இப்ப உங்கூர்லயும் வண்டி காணாமப் போகுதாமே?"

நாச்சாத்தாள் டோக்கன் கட்டை மேசைமேல் வைத்தாள். மகள் பரிட்சையில் முதலாவதாக வந்ததைச் சொல்கிற தாயின் முகம் அவளுக்கு. "போகுதுங்க" என்றாள். "எங்கூர்ல வண்டி போகும். ஆளு போகாது. போனா, தானா மனசு வெச்சுப் போனதா இருக்கும்."

அந்த நேரம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த பூர்ணிமா டோக்கனை நீட்டினாள். ஸ்கூட்டரை எடுத்தாள், கண்ணாடியைச் சரிசெய்தாள். அண்ணன் வீடு இடப்பக்கம், கடைவீதி வலப்பக்கம், நேராகப் போனால் ஏரிக்கரைச் சாலை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு மூன்று பக்கமும் பார்த்தாள். கண்ணில் படுகிறவர்களையெல்லாம் நிறுத்தி, எங்கே கிளம்பினாய் என்று விசாரிப்பதுதான் அந்த ஊரில் மரியாதை. நாச்சாத்தாளுக்கும் கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பூர்ணிமா ஆக்சிலரேட்டரை முறுக்கினாள். நாச்சாத்தாள் கேட்கவில்லை.